‘வாரண்டி முடிந்துவிட்டது’ என்று சொன்னால் போதுமா?

கேள்வி: தேவகோட்டையில் வசிக்கிறேன். ஐந்து ஆண்டு பழைய காரை, கானாடுகாத்தானில் இருக்கும் என் அத்தானிடமிருந்து 4,60,000 ரூபாய்க்கு வாங்கி, ஆர்.சி.யையும் என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே இருமுறை இன்ஜின் நின்றுவிட்டது. இரண்டாம் முறை காரைக்குடி சாலையில், பின்னால் பேருந்து வந்துகொண்டிருந்த நேரம். எரிபொருள் பம்பில் குறை இருப்பதாக நிறுவனம் இந்த மாடலைத் திரும்ப அழைத்த கடிதம் அத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறது. மதுரை சர்வீஸ் சென்டரோ, வாரண்டி முடிந்துவிட்டது, நீங்கள் முதல் உரிமையாளரும் இல்லை என்று சொல்லி 18,500 ரூபாய் கேட்கிறது.

பதில்: பம்பை மாற்றும்வரை அந்த வண்டியை ஓட்டாதீர்கள். இன்ஜின் நின்றால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை குறைந்துவிடும். மதுரைக்குக் கொண்டுபோவதானாலும் வேறு வண்டியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும்.

சர்வீஸ் சென்டர் இரண்டு வெவ்வேறு விஷயங்களை ஒன்றாக்கிவிட்டது. வாரண்டி என்பது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான, காலவரம்பு உள்ள உறுதிமொழி. திரும்ப அழைப்போ (குறையுள்ள பாகத்தை நிறுவனமே இலவசமாக மாற்றித் தரும் ‘ரீகால்’), சாலையில் போகும் எல்லோருடைய உயிரையும் கருதிச் செய்யப்படுவது. அது சேஸிஸ் எண் எனப்படும் வண்டியின் அடையாள எண்ணைப் பற்றியதே தவிர, உரிமையாளரின் பெயரைப் பற்றியதன்று. ஆர்.சி.யில் உள்ள அந்த 17 இலக்க எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டு, உங்கள் வண்டி அப்பட்டியலில் இருப்பதைக் காட்டும் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள்.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவின்படி, ஆபத்தான குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு மத்திய அரசே உத்தரவிடலாம். குறையைத் தானே கண்டறிந்த நிறுவனமும் அதை அரசுக்குத் தெரிவித்துத் திரும்ப அழைக்கும் நடவடிக்கையைத் தொடங்கியாக வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிகள் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்குப் பொருந்துவதால், உங்கள் வண்டி அந்த வரம்புக்குள் இருக்கிறது.

இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் காகிதத்தில்தான் வெல்கின்றன அல்லது தோற்கின்றன. வண்டியை விடும்போது, ‘ஓடும்போதே இன்ஜின் நிற்கிறது’ என்று ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் எழுதும் பணிச்சீட்டில்) உங்கள் சொற்களிலேயே எழுதச் செய்யுங்கள். ‘பொதுப் பரிசோதனை’ என்று எழுதினால் கையெழுத்திடாதீர்கள். இலவசமாக மாற்ற மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால், நடந்ததை அன்றே மின்னஞ்சலில் விவரித்து நிறுவனத்தின் தலைமையகத்துக்கு அனுப்புங்கள். அவசரத்தால் பணம் கட்ட நேர்ந்தால், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று பில்லில் எழுதிவிட்டு, கழற்றிய பழைய பம்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் சான்றுப் பொருள்.

அதன்பின் ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் நிறுவனத்துக்கும் சர்வீஸ் சென்டருக்கும் 15 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் அனுப்பலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். பயன் இல்லையெனில், மதுரைக்கு அலைய வேண்டியதில்லை: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, நீங்கள் வசிக்கும் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் கிடையாது. பழைய வண்டி வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். ஆனால், திரும்ப அழைப்பை அறிவித்த பின் அதே குறையைச் சரிசெய்ய மறுப்பது சேவைக் குறைபாடு என்பதே என் உறுதியான கருத்து. காலவரம்பு இரண்டு ஆண்டு. மறுத்த நாளிலிருந்து கணக்கிட வாதம் உண்டென்றாலும், இன்ஜின் முதன்முறை நின்ற நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

அத்தானிடம் கடிதத்தை மட்டும் கேட்காமல், அஞ்சல் முத்திரையுள்ள உறையையும் சேர்த்து வாங்கி வையுங்கள். நிறுவனம் எந்தத் தேதியிலேயே குறையை அறிந்திருந்தது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.