கேள்வி - பதில்: கசெர்ட்டா அரண்மனைக்குத் தண்ணீர் வந்த கதை

கேள்வி: கசெர்ட்டா அரண்மனையை 'இத்தாலியின் வெர்சாய்' என்கிறார்களே, பொருந்துமா?

பதில்: பாதிதான் பொருந்தும். கட்டச் சொன்ன நேப்பிள்ஸ் மன்னர் சார்ல்ஸ், பிரான்சின் வெர்சாய் அரண்மனையை அவ்வளவு பெரிதாக்கிய பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் கொள்ளுப்பேரன். தாத்தாவின் தகப்பனாருக்குத் தான் இளைத்தவன் இல்லை என்று காட்டும் வீம்பு அவருக்கு இருந்தது. 1,200 அறைகள், 34 படிக்கட்டுகள், நான்கு பெரிய முற்றங்கள், சுமார் 250 மீட்டர் நீள முகப்பு என்று அந்த வீம்பைக் கல்லிலேயே பார்க்கலாம்.

ஆனால் நான் நீர்ப்பாசனப் பொறியாளனாகப் பிழைத்தவன். எந்த மாளிகைக்குப் போனாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் தேடுவேன். அந்தக் கணக்கில் வெர்சாய் தோற்றுவிடும். அங்கே லூயி காலம் முழுக்கத் தண்ணீர்த் தட்டுப்பாடு. சேன் ஆற்று நீரை மேலே ஏற்ற மார்லியில் 14 ராட்சதச் சக்கரங்களைச் சுழலவிட்டும் எல்லா நீரூற்றுகளையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியவில்லை. மன்னர் உலா வரும் வழியில், விசில் சத்தம் கேட்டு ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார்கள். கசெர்ட்டாவில் அந்தத் தொல்லை இல்லை. மலையிலிருந்து தானாக இறங்கி வந்த தண்ணீர் அது.

கேள்வி: கடலோரத்தில் அழகான நேப்பிள்ஸ் இருக்க, உள்ளே தள்ளி ஏன் கட்டினார்கள்?

பதில்: அந்தக் கடல்தான் காரணம். 1742-ல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நேப்பிள்ஸ் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, குண்டு வீசுவோம் என்று மிரட்டின. மன்னர் பணிந்து போக வேண்டியதாயிற்று. பீரங்கிக்கு எட்டாத தூரத்தில் ஒரு தலைநகரம் வேண்டும் என்ற எண்ணம் அதில் வலுத்தது. பக்கத்தில் வெசூவியஸ் எரிமலை வேறு. நேப்பிள்ஸிலிருந்து வடக்கே 30 கிலோமீட்டர் தள்ளிய சமவெளி இரண்டுக்கும் தோதுப்பட்டது.

1752 ஜனவரி 20, மன்னரின் 36-ஆவது பிறந்தநாளில் அடிக்கல் நாட்டினார்கள். கட்டடம் எங்கெங்கே வரும் என்று காட்ட, அதன் எல்லைக்கோடு நெடுகிலும் படைவீரர்களை நிறுத்திவைத்தார்களாம். இந்தக் கல் தானாக வானத்துக்கு எழும்பிப் போகும் நாள்வரை எங்கள் வம்சம் நிலைக்கட்டும் என்ற பொருளில் லத்தீனில் எழுதியும் வைத்தார்கள். கல் அங்கேயே இருக்கிறது. வம்சம் 1861-ல் ஆட்சியை இழந்தது.

கேள்வி: அந்தத் தண்ணீர் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது? மோட்டார் இல்லாத காலத்தில் எப்படி முடிந்தது?

பதில்: இப்படி ஒரு கேள்வி வராதா என்றுதான் காத்திருந்தேன்.

டபுர்னோ மலையடிவாரத்து ஊற்றுகளிலிருந்து 38 கிலோமீட்டர். அரண்மனையை வடிவமைத்த லூயிஜி வான்விடெல்லி என்ற கட்டடக் கலைஞர்தான் 1753-ல் இந்த வேலையையும் தொடங்கினார். 1762-ல் தண்ணீர் வந்து சேர்ந்தது. பெரும்பாலான தூரம் கால்வாய் மண்ணுக்கு அடியிலேயே போகிறது. குறுக்கே மலை வந்த இடங்களில் குடைந்திருக்கிறார்கள். சரிவு சராசரியாக ஒரு மீட்டருக்கு அரை மில்லிமீட்டர். அதாவது ஒரு கிலோமீட்டர் ஓடினால் அரை மீட்டர்தான் இறக்கம். கொஞ்சம் கூடினால் உயரம் வீணாகிவிடும், அரண்மனைப் பக்கம் அருவி கிடைக்காது. கொஞ்சம் குறைந்தால் தண்ணீர் தேங்கி வண்டல் படியும். இதைக் கையால் அளந்து, 38 கிலோமீட்டர் முழுக்கத் தப்பாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். கட்டடக் கலைப் புத்தகங்கள் அறைகளுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கிவிட்டு, இதை ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

மட்டலோனி அருகே பள்ளத்தாக்கு குறுக்கிட்டது. அங்கே மூன்று அடுக்கு வளைவுகளில் 529 மீட்டர் நீளத்துக்குப் பாலம் எழுப்பி, அதன் தலைமேல் தண்ணீரைக் கொண்டுபோனார்கள். உயரம் சுமார் 56 மீட்டர். பழைய ரோமானியர் பாணிதான். நிலநடுக்கம் அடிக்கடி வரும் பகுதி, இருந்தும் பாலம் நிற்கிறது. வந்த தண்ணீர் நீரூற்றுகளோடு நின்றுவிடவில்லை. மாவு ஆலைகளுக்கும், பக்கத்துச் சான் லெயூச்சோ பட்டு ஆலைக்கும் போனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வேலைத்தலங்களில் கூலியாட்களோடு தண்டனைக் கைதிகளும், கடலில் பிடிபட்டு அடிமையாக்கப்பட்ட முஸ்லிம்களும் உழைத்தார்கள். வழிகாட்டிகள் வான்விடெல்லி பெயரைச் சொல்லும் அளவுக்கு இவர்களைச் சொல்வதில்லை.

கேள்வி: பரோக் பாணி என்றால் வளைவும் நெளிவும் தங்கப்பூச்சும்தானே? கசெர்ட்டாவின் வெளிப்புறம் பள்ளிக்கூடக் கட்டடம் மாதிரி நேராக இருக்கிறதே?

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். இது பரோக்கின் கடைசிக் காலம். வெசூவியஸ் வெடித்துப் புதைந்த பழைய ரோமானிய நகரங்களான ஹெர்குலேனியமும் பொம்பெய்யும் இதே மன்னரின் ஆட்சியில்தான் தோண்டப்பட்டன. பழைய ரோமானியக் கட்டடங்களின் அடக்கம் மறுபடி மதிப்புப் பெற்ற நேரம். முகப்பில் அது தெரிகிறது. வரைபடத்தில் நடுவே ஒரு குவிமாடமும் நான்கு மூலைகளில் கோபுரங்களும் இருந்தன. அவை கட்டப்படவே இல்லை. மொட்டையாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பரோக் நாடகமெல்லாம் உள்ளே இருக்கிறது. வாசலில் நின்றால், கட்டடத்தை ஊடுருவிப் போகும் நடுப்பாதை வழியாகப் பூங்கா முழுவதும் தெரிந்து, கடைசியில் மலையில் அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும். மூன்று கிலோமீட்டர் ஒரே நேர்க்கோடு! பக்கவாட்டில் பெரிய படிக்கட்டு. நடுவே ஒன்றாக ஏறி, பளிங்குச் சிங்கங்களைத் தாண்டி, இரண்டாகப் பிரிந்து மேலே போகும். மேலே விதானம் இரட்டை அடுக்கு. இடையில் வாத்தியக்காரர்கள் மறைவாக அமர்ந்து வாசித்தால், மன்னர் படியேறும்போது இசை எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

சார்ல்ஸ் இதையெல்லாம் அனுபவிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1759-ல் ஸ்பெயின் மன்னராகப் போய்விட்டார். எட்டு வயது மகன் பெர்டினாண்ட் அரியணை ஏறினான், வேலை மந்தமானது. 1773-ல் வான்விடெல்லியும் இறந்தார். அவர் மகன் கார்லோ தொடர்ந்தார். அரியணைக் கூடம் 1845-ல்தான் முடிந்தது.

கேள்வி: பூங்காவுக்குள் 'ஆங்கிலத் தோட்டம்' எப்படி வந்தது?

பதில்: பெர்டினாண்டின் மனைவி மரியா கரோலினாவின் ஆசை. 1786-ல் கிரேஃபர் என்ற தோட்டக்கலை நிபுணர் தொடங்கினார். நேர்க்கோடு கூடாது என்பதே அங்கே விதி. குளத்தோரம் இடிந்த ரோமானியக் கட்டடம் ஒன்று இருக்கும், அது இடிந்ததுபோலவே கட்டியது. நிஜ இடிபாடுகளைத் தோண்டிக்கொண்டிருந்த ராஜ்யத்தில் பொய் இடிபாட்டுக்கும் செலவு செய்தார்கள். எனக்கு இந்தக் குறும்பு பிடிக்கும்.

கேள்வி: போரில் சேதமடைந்ததா?

பதில்: 1943 குண்டுவீச்சில் உள்ளிருக்கும் தேவாலயம் பெரிதும் பாதிக்கப்பட்டது. பிறகு நேச நாட்டுப் படைகளின் தலைமையகம் இங்கே இருந்தது. இத்தாலியிலிருந்த ஜெர்மன் படைகளின் சரணாகதிப் பத்திரம் 1945 ஏப்ரல் 29 அன்று இங்கேதான் கையெழுத்தானது.

கேள்வி: ஒரே நாளில் பார்த்துவிடலாமா?

பதில்: அரண்மனையையும் பூங்காவையும் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை, அன்று போகாதீர்கள். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே அரண்மனை. பூங்காவில் அருவிவரை நடை நீளம், கடைசியில் ஏற்றம் வேறு. போகும்போது பேருந்தில் போய், திரும்பும்போது நடந்து வாருங்கள். அருவியடியில் ரோமானியப் புராணத்தின் வேட்டைத் தெய்வமான டயானாவும், அவளால் மானாக மாறும் வேட்டைக்காரன் ஆக்டியோனும், அவனைப் பாய்ந்து கடிக்கும் அவனுடைய நாய்களும் இருக்கும் சிற்பங்களை நிதானமாகப் பாருங்கள். மட்டலோனி பாலம் வேறு பக்கம், அதற்குத் தனி வண்டி வேண்டும். நேரம் போதாது என்றால் அறைகளில் பாதியை விட்டுவிட்டுப் பாலத்துக்குப் போங்கள்.