10 வருட விசா இருந்தால் அமெரிக்காவில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கலாமா?

அம்மாவின் பாஸ்போர்ட்டில் 10 வருட பி-2 விசா (சுற்றுலா, சிகிச்சை போன்றவற்றுக்கான விசிட்டர் விசா) இருக்கிறது, கூடுதலாகத் தங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விசாவில் உள்ள தேதி, எதுவரை அமெரிக்காவுக்குள் நுழைய வரலாம் என்பதைத்தான் சொல்லும். எத்தனை நாள் தங்கலாம் என்பதை ஏர்போர்ட்டில் இமிக்ரேஷன் அதிகாரி முடிவு செய்வார். பெரும்பாலும் ஆறு மாதம். எதுவரை தங்கலாம் என்ற தேதி, ஐ-94 எனும் வருகைப் பதிவில் இருக்கும். அதை ஆன்லைனில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி போட்டு எடுக்கலாம். அம்மா வந்திறங்கிய வாரமே எடுத்து, பெயரும் தேதியும் சரியா என்று பார்த்துவிடுங்கள்.

அந்தத் தேதிக்கு மேல் தங்க, நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் ஐ-539 படிவம் போட வேண்டும். ஐ-94 தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பே போடுவது நல்லது. காரணம் என்ன, செலவு யாருடையது, எப்போது திரும்புவார் என்பதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். சிகிச்சை என்றால் டாக்டர் கடிதம் கட்டாயம் வையுங்கள்.

தேதிக்குள் போட்டிருந்தால் பொதுவாகப் பதில் வரும்வரை இருக்கலாம். மறுத்துவிட்டால் உடனே கிளம்ப வேண்டும். எதுவும் போடாமல் தேதியைத் தாண்டினால் அந்த 10 வருட விசாவே செல்லாது. 180 நாளுக்கு மேல் தாண்டிக் கிளம்பினால் மறுபடி அமெரிக்காவுக்குள் வர 3 வருடத் தடை, ஒரு வருடம் ஆகிவிட்டால் 10 வருடத் தடை. வலுவான காரணம் இல்லையென்றால் நேரத்துக்கு ஊருக்குப் போய்விட்டு அப்புறம் வரச் சொல்லுங்கள்.