கேள்வி – பதில்: மூடச் சொன்னவர்கள் பால்மா கொடுத்தார்களா?

கொரோனாக் காலத்தில் நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்த நாட்களைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒன்றையே கேட்கின்றன: மற்ற நாடுகள் எங்களைவிட நன்றாகச் செய்தனவா? இந்த இதழ் முழுவதும் அதுதான்.

ஐயா, என் ஏ.எல். வகுப்பில் ஒரு விவாதம் வைத்தேன். "நியூசிலாந்து மாதிரி எல்லையை மூடியிருந்தால் இலங்கையும் தப்பியிருக்கும், இரண்டும் தீவுதானே" என்றது ஒரு பக்கம். மற்றப் பக்கத்துக்குப் பதில் கிடைக்கவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?
– ஓர் ஆசிரியை, உவர்மலை

டீச்சர், நாங்களும் மூடினோம் என்பதை முதலில் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நியூசிலாந்து வெளியாட்களுக்கு எல்லையை மூடியது 2020 மார்ச் 19. கட்டுநாயக்காவில் பயணிகள் விமானம் இறங்குவதை நிறுத்தியதும் அதே நாள். மறுநாள் மாலை 6 மணிக்கு இங்கே நாடு முழுக்க ஊரடங்கு வந்துவிட்டது. நியூசிலாந்துக்காரர் வீட்டுக்குள் போனது 25ஆம் திகதி நள்ளிரவில்தான். 2020 ஒக்டோபர் தொடங்கும்போது எங்கள் நாட்டில் மொத்த மரணம் 13. ஆக, கதவை மூடுவதில் நாங்கள் பிந்தவில்லை.

வித்தியாசம் மூடிய கதவுக்கு உள்ளே இருக்கிறது. திருக்கடலூரில் ஒரு வீட்டில் தனிமைப்படுத்தல் பேப்பர் ஒட்டப் போனேன். கடற்தொழில் செய்கிற குடும்பம், இரண்டு சின்னப் பிள்ளைகள். 14 நாள் வெளியே வரக்கூடாது என்று சொல்லி முடித்தேன். அந்தத் தங்கச்சி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "உள்ள இருக்கச் சொல்றீங்க, சரி ஐயா. பால்மா யார் கொண்டு வாறது?" என்று மட்டும் கேட்டா. அவவின் கணவர் ஜன்னலுக்குள் நின்றபடி, தன் போட்டு எஞ்சினை மூன்று நாளைக்கு ஒருக்கா யாராவது ஸ்டார்ட் பண்ணிவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்புப் பிடித்துவிடும் என்றார். என்னிடம் பசையும் பேப்பரும் இருந்தன. அந்த இரண்டுக்கும் பதில் இருக்கவில்லை. கிராம சேவையாளரைப் பிடித்துச் சங்கக்கடையில் பால்மா எடுத்துக் கொடுத்தோம். எஞ்சினைப் பக்கத்து வீட்டுப் பெடியன் பார்த்துக்கொண்டான்.

அன்றிலிருந்து எந்த நாட்டுச் செய்தியைப் படித்தாலும் அந்தத் தங்கச்சியின் கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன். நியூசிலாந்தில் வேலைக்குப் போக முடியாதவரின் சம்பளம் நிற்காமலிருக்க, முழுநேரத் தொழிலாளி ஒருவருக்கு வாரம் 585 டொலர் 80 சதம் முதலாளி மூலம் அரசு கொடுத்தது. இங்கே முதல் ஊரடங்கில் குடும்பத்துக்கு 5,000 ரூபாய், அதுவும் ஏப்ரலிலும் மேயிலும். அவர்களிடம் பணம் இருந்தது, எங்களிடம் இல்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் "தீவு" என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு இதை விட்டுவிடக் கூடாது. உள்ளே சாப்பாடு இல்லாத கதவை எந்தப் பொலிசாலும் அதிக நாள் மூடிவைக்க ஏலாது. 2021 சித்திரைப் புத்தாண்டுக்குச் சனம் வெளியே வந்தது, ஓகஸ்டில் ஒரு நாளைக்கு இருநூறுக்கு மேல் மரணம் போனது. வருடம் முடியும்போது கிட்டத்தட்ட 15,000 பேரை இழந்திருந்தோம்.

லண்டனில் நடந்தது வேறு. பிரித்தானியா சனத்தை வீட்டுக்குள் இருக்கச் சொன்னது 2020 மார்ச் 23. விமானத்தில் வந்து இறங்குகிற எல்லோரும் 14 நாள் தனித்திருக்க வேண்டும் என்ற விதி ஜூன் 8இல்தான் வந்தது. அறைக் கதவுகளைப் பூட்டிவிட்டு வாசல் கதவைத் திறந்து விட்டிருந்தார்கள். அடுத்த வருடம் எதிர்ப்பக்கத்துக்குப் போனார்கள். 2021 ஜூன் 8 முதல் செப்டெம்பர் 22 வரை இலங்கை அவர்களின் சிவப்புப் பட்டியலில் இருந்தது. இங்கிருந்து திரும்புகிறவர் ஹோட்டலில் பத்து நாள் அடைபட்டு, அதற்கு 1,750 பவுணும் தானே கட்ட வேண்டும். ஓகஸ்டில் அதையும் கூட்டினார்கள். தாய் தகப்பனைப் பார்க்க வந்த எத்தனை பிள்ளைகள் அந்தக் காசுக்குக் கடன் பட்டார்கள் என்பது எங்கள் ஊருக்குத் தெரியும்.

வாசலை இறுக்கி மூடியவர்கள் கொடுத்த விலையும் சின்னதல்ல. அவுஸ்திரேலியாவில் சொந்தக் குடிமகனே நாட்டைவிட்டு வெளியே போக அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. என் அக்கா 2020 ஓகஸ்டில் இறந்தா. மகன் மெல்பேர்னில். அந்த மாதம் அங்கே வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் போகக்கூடாது, இரவு எட்டு மணிக்கு ஊரடங்கு. விமானம் ஏறியிருந்தாலும் இங்கே 14 நாள் முகாமில் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வரலாம். எங்கள் கதவும் மூடித்தான் கிடந்தது. அந்த நேரம் எங்கள் ஊரில் கட்டுப்பாடு தளர்ந்திருந்ததால் செத்த வீட்டுக்கு நிறையப் பேர் வந்தார்கள். கொள்ளி வைக்க வேண்டியவன் மட்டும் வைபரில். குத்துவிளக்கில் சாய்த்து வைத்திருந்த போன் இரண்டு தரம் சரிந்து விழுந்தது. இங்கே பின்னேரம் மூன்றரை, அங்கே இரவு எட்டு. பக்கத்துத் தெருவில் இருக்கிற சிநேகிதனால்கூட அவனோடு வந்து இருக்க முடியவில்லை. மெல்பேர்ன் மொத்தம் 262 நாள் அப்படிப் பூட்டிக் கிடந்தது.

நியூசிலாந்துக்கும் ஒரு கறை உண்டு. தனிமைப்படுத்தும் ஹோட்டல்களில் இடம் போதாமல், 2021 செப்டெம்பரில் சொந்தக் குடிமக்களுக்கே குலுக்கல் வைத்தார்கள். கர்ப்பிணியான அவர்கள் நாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் ஊர் திரும்ப இடம் கிடைக்காமல் ஆப்கானிஸ்தானில் நின்ற கதை 2022 ஜனவரியில் உலகம் முழுக்கப் போனது. எல்லையை மூடியதில் அவர்கள் செய்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் தன் வீட்டுப் பிள்ளை திரும்பி வர ஒரு கதவு கட்டாயம் இருக்க வேண்டும், அதற்குக் குலுக்கல் கூடாது.

கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தையை மூடினபோது எங்கள் பிழைப்பே போனது. வேறு நாட்டில் சந்தைக்குள் கொரோனா வந்தால் என்ன செய்தார்கள்?
– மீன் வியாபாரி, குச்சவெளி

தம்பி, உங்கள் கோபம் நியாயம். 2020 ஒக்டோபரில் பேலியகொடை மூடியதும் லொறி வரவில்லை. சூடை மீனைக் கரையில் வைத்துக்கொண்டு ஆட்கள் நின்றதை நானும் பார்த்தேன். மீனில் கொரோனா இருக்கிறது என்ற கதை வேறு. நவம்பரில் முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஒருவர் பத்திரிகையாளர்கள் முன் பச்சை மீனைக் கடித்துக் காட்ட வேண்டியதாயிற்று. பெய்ஜிங்கில் 2020 ஜூனில் சின்பாதி என்ற பெரிய சந்தையில் இதுவே நடந்தது. சால்மன் மீன் வெட்டும் பலகையில் வைரஸ் கண்டார்கள் என்றதும் கடைகளிலிருந்து சால்மன் மறைந்துவிட்டது. நோய் பரவியது நெருக்கமாக நின்று, மூச்சு முட்ட விலை பேசிய ஆட்களிடையேதான். பழி விழுந்தது மீனில்.

சென்னைக் கதைதான் உங்களுக்குப் பொருந்தும். கோயம்பேடு மரக்கறிச் சந்தையில் நோய் கண்டு 2020 மே தொடக்கத்தில் மூடினார்கள். மூடுவதற்குள் அங்கே வேலை செய்தவர்கள் கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று ஊருக்குப் போய்விட, நோயும் கூடப் போனது. அது அவர்கள் பிழை. ஆனால் சில நாட்களில் நகரத்துக்கு வெளியே திருமழிசையில் தற்காலிகச் சந்தை திறந்தார்கள். சேறும் மழையும் என்று வியாபாரிகள் திட்டினார்கள், என்றாலும் மரக்கறி விற்கப்பட்டது. எங்கள் மீனுக்கும் அப்படி ஒரு திருமழிசையை, தம்புள்ளைப் பக்கமோ கந்தளாய்ப் பக்கமோ, இரண்டாம் நாளே திறந்திருக்கலாம். இதை அன்றைக்கே ஒரு கூட்டத்தில் சொன்னேன். இன்றைக்கும் அதையே சொல்கிறேன்.

2021இல் மாகாணத் தடை நேரம் அப்பாவைக் கண்டிக்குக் கிளினிக் கூட்டிப்போகும்போது வழியில் ஒரு சோதனைச் சாவடியில் அரை நாள் நின்றோம். நாட்டுக்குள்ளேயே எல்லை போட்டது நாங்கள் மட்டுமா?
– வாசகர், கந்தளாய்

இல்லை. அவுஸ்திரேலியாவில் விக்டோரியாவுக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் இடைப்பட்ட எல்லையை 2020 ஜூலையில் மூடினார்கள். அதற்கு முன் அது மூடப்பட்டது 1919இல், ஸ்பானிஷ் காய்ச்சலுக்கு. மேற்கு அவுஸ்திரேலியா 2020 ஏப்ரலில் போட்ட எல்லையை முழுதாகத் திறந்தது 2022 மார்ச் 3இல்.

மனம் பதறவைத்தது காசர்கோடுதான். கேரளத்தில் இருக்கிற அந்த ஊர்ச் சனத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் கர்நாடகத்தில் இருக்கிற மங்களூர். 2020 மார்ச் கடைசியில் கர்நாடகம் வீதியில் மண்ணைக் குவித்து வழியை அடைத்தது. அம்புலன்ஸ் திரும்பியது, நோயாளிகள் இறந்தார்கள். ஏப்ரல் 1ஆம் திகதி கேரள உயர் நீதிமன்றம் தலையிட்டது. மண்குவியலிடம் கிளினிக் கொப்பியைக் காட்ட முடியாது. எல்லை போடுவதென்றால் அங்கே கொப்பியை வாங்கிப் பார்த்து, "போங்கள்" என்று சொல்ல அதிகாரம் உள்ள ஒருவர் நிற்க வேண்டும். உங்கள் அப்பாவை அரை நாள் நிறுத்தியது பொலிஸ்காரரின் கெட்ட மனம் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு அந்த அதிகாரத்தை யாரும் கொடுத்திருக்கவில்லை.

சேர், எல்லா நாட்டிலும் மையித்தை எரித்தார்களா?
– வாசகி, கிண்ணியா

இல்லை, தங்கச்சி. கொரோனாவால் இறந்தவரின் உடலை அடக்கலாம், எரிக்கலாம், இரண்டுமே பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே எழுதிவிட்டது. முஸ்லிம் நாடுகள் மட்டுமல்ல, பிரித்தானியா, இந்தியா, இத்தாலி எல்லாம் அடக்க விட்டன. நாங்கள் 2020 ஏப்ரலில் எரிப்பதைக் கட்டாயமாக்கினோம். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அது மாறியது. மார்ச் 5இல் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸா அடக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

அந்தச் சட்டத்தின் கீழ் வேலை செய்தவன் நான். விஞ்ஞானம் அப்படிச் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டே உங்கள் ஊர் வீடுகளில் போய்க் கதைத்தேன். ஒரு வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு எதுவும் பேசாமல் நின்றார். அமைச்சரவையின் மன்னிப்பு வேறு, என்னுடையது வேறு. என்னை மன்னியுங்கள்.

தனிமைப்படுத்தல் முகாம் எங்கள் சனத்துக்குப் புதிதா?
– ஓய்வுபெற்ற தபாலதிபர், மூதூர்

புதிதல்ல. இராமேசுவரத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் இலங்கை அரசாங்கமே முகாம் வைத்திருந்தது, இந்திய மண்ணில். தேயிலைத் தோட்டத்துக்கு வந்த தமிழர்களை அங்கே நாட்கணக்கில் வைத்து, சோதித்து, அம்மை குத்தி, பிறகுதான் தலைமன்னாருக்குக் கப்பலேற்றினார்கள். கொலரா, பிளேக் பயம். எண்பதுகளிலிருந்து, போருக்கு இங்கிருந்து ஓடிய எங்கள் ஆட்கள் அகதிகளாகப் போய் இருந்ததும் அதே மண்டபத்தில்.

அங்கிள், நீங்கள் ஒட்டின பேப்பரின் பசை இன்னும் எங்கள் கேற்றில் இருக்கிறது. சுரண்டினால் பெயின்ற் போகுது. என்ன செய்வது?
– பத்தாம் வகுப்பு மாணவி, அன்புவழிபுரம்

தேங்காய் எண்ணெயை நன்றாகத் தடவி அரை மணி நேரம் விடு மகள். பிறகு பழைய துணியால் துடை, பிளேட் வேண்டாம். போகாவிட்டால் கொஞ்சம் மண்ணெண்ணெய்.

ரோட்டால் போகிற எல்லோருக்கும் தெரியும்படி கேற்றில் ஒட்டியது என் பிழை. ஒரு வீட்டுப் பிள்ளையோடு மாதக்கணக்கில் யாரும் விளையாடவில்லை என்று கேள்விப்பட்ட பிறகு, வீட்டு வாசல் நிலையின் உள்பக்கத்தில் ஒட்டத் தொடங்கினேன். உங்கள் வீட்டுக்கு அதற்கு முன்னமே வந்துவிட்டேன் போலிருக்கிறது. பெயின்ற் போனால் இதழ் முகவரிக்கு ஒரு வரி எழுது, ஞாயிற்றுக்கிழமை தூரிகையோடு வருகிறேன்.