ஸ்லாப் ஒதுக்கியின் பிழைச் செய்தியில் என்னென்ன இருக்க வேண்டும்?

வணக்கம். உங்கள் கெர்னலின் (இயங்குதள மையத்தின்) ஸ்லாப் ஒதுக்கி, அதாவது ஒரே அளவு நினைவகத் துண்டுகளைக் கொடுத்துத் திரும்பப் பெறும் பகுதி, "நினைவகம் சிதைந்துள்ளது" என்று ஒரே வரி அச்சிட்டுவிட்டு நின்றுவிடுகிறது, எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை வைத்து யாராலும் தேட முடியாது. முதலில் செய்தியைத் திருத்துங்கள், பிழை பிறகு தானே அகப்படும்.

லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் ஸ்லப் (SLUB) ஒதுக்கியைப் பாருங்கள். பிழைத்திருத்தத்தை இயக்கினால், விடுவித்த பொருளை (திரும்பக் கொடுத்த நினைவகத் துண்டை) 6பி என்ற பதினாறடிமான பைட்டால் நிரப்பி, கடைசி பைட்டில் ஏ5 வைக்கிறது. பின்னர் சரிபார்க்கும்போது மாறியிருந்தால் கேஷின் (ஒரே வகைப் பொருள்களின் தொகுப்பின்) பெயர், முகவரி, இருக்க வேண்டிய பைட், இருக்கும் பைட் எல்லாவற்றையும் சொல்கிறது. கடைசி இரண்டையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 6பி இருக்க வேண்டிய இடத்தில் 6ஏ இருந்தால், விடுவித்த பிறகு யாரோ ஒன்றைக் கழித்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது ரெஃபரன்ஸ் எண்ணிக்கை, அதாவது அந்தப் பொருளை எத்தனை இடங்களில் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு. எழுத்துகள் தெரிந்தால், எந்தச் சரம் அங்கே எழுதப்பட்டது என்பதே புரிந்துவிடும். இதற்காகவே சுற்றியுள்ள பைட்டுகளையும் அச்சிடுங்கள்.

அடுத்து, ஒதுக்கியவர் யார், விடுவித்தவர் யார் என்ற இரண்டு அழைப்புத் தடங்கள், அதாவது எந்தச் செயற்கூறு எதை அழைத்து அங்கே வந்தது என்ற பட்டியல்கள். ஒவ்வொரு பொருளோடும் சேமிப்பதால் நினைவகம் கூடுதலாகச் செலவாகும். ஆகவே சோதனைப் பதிப்பில் மட்டும் போதும்.

ஓர் எச்சரிக்கை: செய்தியை அச்சிடும் குறியீடு அதே ஒதுக்கியிடம் நினைவகம் கேட்கக் கூடாது. கேட்டால், ஒதுக்கி ஏற்கெனவே பிடித்திருக்கும் பூட்டிலேயே சிக்கி, அந்த ஒரு வரிகூட வராது. முன்கூட்டியே ஒதுக்கிவைத்த நிலையான பஃபரில் எழுதி நேராக சீரியல் போர்ட்டுக்கு அனுப்புங்கள்.