எளிதில் நிறுவலாமாம்!

கேள்வி: பொறியியல் பட்டப்படிப்பு எல்லா மாணவர்களுக்கும் எளிதில் எட்ட வேண்டுமானால், பாடங்களைக் குறைத்துத் தேர்வையும் இலகுவாக்கிவிட்டால் என்ன? அல்லது கட்டணத்தை நீக்கினாலே போதுமா?

பதில்: 'எளிதில்' என்ற ஒரு சொல்லால் என் பழைய புண்ணைக் கிளறிவிட்டீர்கள். நான் பொறியியல் மாணவனாக இருந்தபோது, இரு முனைகளிலும் தாங்கப்பட்ட உத்தரத்தின் நடுவில் சுமையை வைத்தால் அது எவ்வளவு தொய்யும் என்ற பாடத்தில், புத்தகம் சமன்பாட்டைத் தொடங்கிவைத்து, 'இதிலிருந்து எளிதில் நிறுவலாம்' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே விடையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. விடையின் கீழ்ப்பகுதியில் 48 என்றோர் எண். அது எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஓர் இரவு முழுவதும் பிடித்தது. இரண்டு முறை தொகையிட வேண்டும். முனையில் தொய்வு சுழியம், நடுவில் சாய்வு சுழியம் என்ற இரண்டு நிபந்தனைகளையும் பொருத்த வேண்டும். 32-இல் ஒரு பங்கிலிருந்து 96-இல் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். அதன் பிறகுதான் 48 தலைகாட்டும். இதை நான்கு வரிகளில் அச்சிட்டிருந்தால் அச்சகத்தில் மை தீர்ந்திருக்குமா?

'எளிதில்' என்று எழுதும் பாடநூலாசிரியர்கள் விட்டுப்போன பக்கங்களைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டு மாணவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று முன்பொருமுறை இப்பக்கத்தில் யோசனை சொன்னேன். பாடநூல் எழுதும் பேராசிரியர் ஒருவர் சினந்து மூன்று பக்கக் கடிதம் அனுப்பினார். என் யோசனை கணிதம் வராதவனின் புலம்பல் என்பதை அதில் அவர் எளிதில் நிறுவியிருந்தார்.

பாடத்தைக் குறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உத்தரம் தேர்வுத்தாளைப் பார்த்துத் தொய்வதில்லை. ஆனால், எட்டாத உயரத்தில் இருப்பது பல நேரங்களில் பாடமன்று. அதற்கு முன்னால் யாரோ அடுக்கிவைத்த படிகள்தாம். அமெரிக்காவின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், நுண்கணிதத் தாள்களை வரிசையாகத் தேறிய பிறகே முக்கியமான பொறியியல் வகுப்புகளுக்குள் நுழையலாம் என்றிருந்த ஏற்பாட்டைத் தளர்த்தி, அந்த வகுப்புகளுக்கு உண்மையில் தேவைப்படும் கணிதத்தைப் பொறியியல் ஆசிரியர்களே ஆய்வகப் பயிற்சியோடு கற்பிக்கும் முதலாண்டுப் பாடம் ஒன்றை 2004-இல் தொடங்கினார்கள். நுண்கணிதம் நீக்கப்படவில்லை. வாசலில் காவல் நின்றதை உள்ளே அழைத்து உட்காரவைத்தார்கள், அவ்வளவுதான்.

பொறியியல் வரைபடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் மூன்றையும் பார்த்து, மறைந்திருக்கும் விளிம்பு எங்கே விட்டுவிட்டு வரையும் கோடாக வரும் என்று மனத்தில் பொருளைத் திருப்பிப் பார்க்கத் தெரியாத மாணவரை, 'உனக்கு இது வராது' என்று அனுப்பிவைப்பது நெடுங்கால வழக்கம். மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி என்ற பேராசிரியை 1990-களில் இதற்கென்றே தனிப் பயிற்சி வகுப்பு நடத்தி, பிறவித்திறன் என்று கருதப்பட்டது பயிற்சியால் வளரும் என்று காட்டினார். குறிப்பாக, மாணவியர் பலர் படிப்பைப் பாதியில் விடாமல் தொடர அது உதவியது. ஒரு சோப்புக்கட்டியைக் கத்தியால் வெட்டிக் கையில் திருப்பிப் பார்த்துதான் எனக்கும் அந்த வித்தை பிடிபட்டது. அதற்குள் இரண்டு தேர்வுகள் போய்விட்டன.

கட்டணம் பற்றிய உங்கள் ஐயத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2012-இல் மின்சுற்றுப் பாடம் ஒன்றை இணையத்தில் இலவசமாக நடத்தியது. பதிவு செய்தவர்கள் ஏறத்தாழ 1,55,000 பேர். தேறியவர்கள் ஏழாயிரத்துச் சொச்சம். பதிந்த எல்லோரும் முடிக்கும் எண்ணத்தோடு வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும், கட்டணமே முழுத் தடையாக இருந்திருந்தால் எண்கள் இப்படி இரா. உள்ளே வந்தபின் என்ன நடக்கிறது என்பதற்கு இன்னொரு கணக்கு: அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான கட்டுரை, மாணவரும் பங்கெடுத்துச் செய்து கற்கும் வகுப்புகளைவிட விரிவுரை மட்டுமே நடக்கும் வகுப்புகளில் தோல்வியடையும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு என்று கண்டது. தேர்வை இலகுவாக்கும் வேலையை இனிமேலாவது வகுப்பறையிலிருந்து தொடங்கலாமே.

பார்வையற்ற மாணவரின் கணினியில் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள், விளக்க வரி ஏதுமின்றிப் படமாக ஒட்டப்பட்ட சமன்பாட்டுக்கு வந்தவுடன் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குத் தாவும். அதே சமன்பாட்டைக் கணிதக் குறிமொழியில் எழுதிவைத்தால் அதை உறுப்பு உறுப்பாக வாசிக்கும். இதற்குப் பாடத்தில் ஒரு வரியைக்கூடக் குறைக்க வேண்டியதில்லை.

கடிதம் எழுதிய பேராசிரியரின் நூல் அண்மையில் திருத்திய பதிப்பாக வந்திருக்கிறது. ஆவலோடு வாங்கி, உத்தரப் பாடத்தைப் புரட்டினேன். 48-க்கு முந்தைய வரியைத் திருத்தித்தான் இருக்கிறார்: 'மிக எளிதில் நிறுவலாம்.'