சார்லட் மேல் ஏன் இத்தனை கோபம்?

கேள்வி: ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் எலிசபெத் காதலுக்காகக் காத்திருந்து ஜெயிக்கிறாள். அவள் தோழி சார்லட்டோ வசதிக்காகப் பாதிரியார் காலின்ஸைக் கட்டிக்கொள்கிறாள். ஒருத்தி தன்மானம், இன்னொருத்தி சுயநலம். நான் சொல்வது சரிதானே?

பதில்: சரியில்லை. எலிசபெத்தும் முதலில் இப்படித்தான் நினைத்தாள். அதில் எவ்வளவு ஓரவஞ்சனை இருக்கிறது என்று நாவலே காட்டிவிடுகிறது.

தான் வேண்டாமென்ற காலின்ஸை சில நாளிலேயே சார்லட் ஏற்றுக்கொண்டதை எலிசபெத்தால் தாங்க முடியவில்லை. அப்புறம், எலிசபெத்துக்குப் பிடித்துப்போயிருந்த இளம் ராணுவ அதிகாரி விக்கம், திடீரென்று 10,000 பவுண்டு கைக்கு வந்த மிஸ் கிங்கின் பின்னால் போகிறான். அவன் மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. அழகான ஆண்பிள்ளைகளும் பிழைக்க வேண்டாமா என்று மாமிக்குக் கடிதம் எழுதுகிறாள்! விக்கமுக்குக் கிடைத்த மன்னிப்பு தோழிக்கு ஏன் கிடைக்கவில்லை?

சார்லட்டுக்கு 27 வயது. அழகி என்று பெயரில்லை, கையில் பணமும் இல்லை. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் தம்பிகள் நிம்மதியாக மூச்சுவிடுகிறார்கள். அந்த வீட்டில் அவள் நிலை என்ன என்பதற்கு அது ஒன்றே போதும். இதை எழுதிய ஆஸ்டினும் அந்த இடத்தில் நின்றவர்தான். 1802 டிசம்பரில், 27 வயது நிறைய இரண்டு வாரம் இருக்கும்போது, ஹாரிஸ் பிக்-விதர் என்ற பெரிய பண்ணை வீட்டு வாரிசு அவரைப் பெண் கேட்டார். அன்று மாலை சம்மதித்தவர், மறுநாள் காலையில் முடியாது என்று சொல்லிவிட்டார். இடைப்பட்ட அந்த இரவில் அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்!

சார்லட்டை எலிசபெத்தோடு ஒப்பிட்டது போதும். எலிசபெத்தின் அப்பா பென்னட்டோடு வைத்துப் பாருங்கள். கல்யாணமாகிப் போன ஹன்ஸ்ஃபோர்டு வீட்டில் விசாலமான, ரம்மியமான அறையை விட்டுவிட்டு சார்லட் பின்கட்டு அறையில் உட்காருகிறாள். ஏன் என்று எலிசபெத்துக்கு முதலில் புரியவில்லை. அவள் அந்த நல்ல அறையில் இருந்தால் காலின்ஸ் தன் அறையை விட்டு அங்கேயே வந்து உட்கார்ந்துவிடுவார்! தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று சொல்லி அவரை முடிந்தவரை வெளியே அனுப்பியும் வைக்கிறாள். பென்னட்டும் மனைவியிடமிருந்து தப்பிக்க நூலக அறைக்குள் போய் உட்காருகிறவர்தான். இத்தனைக்கும் அவர் அழகில் மயங்கி, ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவர்.

ஆனால் காலின்ஸ் உளறும்போது சார்லட்டின் முகம் லேசாகச் சிவக்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் காதில் விழாதது போல இருந்துவிடுவாள். புருஷனை நாலு பேர் எதிரில் விட்டுக்கொடுப்பதில்லை. பென்னட் மகள்களை எதிரில் வைத்துக்கொண்டே மனைவியைக் கேலி செய்கிறார். ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருமானம் வந்தும் ஐந்து பெண்களுக்கென்று எதுவும் சேர்த்துவைக்கவில்லை. அம்மாவின் காலத்துக்குப் பிறகு எலிசபெத்துக்கு வரப்போவது வெறும் 1,000 பவுண்டு. இதில் யாரைச் சுயநலம் என்பது?

இன்னொன்று. பக்கத்தில் குடிவந்த பணக்கார இளைஞன் பிங்லி மேல் இருக்கும் ஆசையை எலிசபெத்தின் அக்கா ஜேன் இன்னும் கொஞ்சம் வெளியே காட்ட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொன்னவள் சார்லட். எலிசபெத் அதை ஏற்கவில்லை. ஜேன் மனதில் ஒன்றுமில்லை என்று நினைத்துத்தான் இருவரையும் பிரித்தேன் என்று பின்னால் பிங்லியின் நண்பன் டார்சி எலிசபெத்துக்குக் கடிதம் எழுதுகிறான். படிக்கும்போது தோழி சொன்னது எலிசபெத்தின் நினைவுக்கு வருகிறது. அப்போது அவள் விருந்தாளியாகத் தங்கியிருந்தது சார்லட்டின் வீட்டில்.