பந்து வலப்பக்கம் வளையுது, காத்துக்குள்ள மேல எழும்புது: எதைத் திருத்துறது முதல்ல?

கொக்குவில் பக்கத்துத் தம்பி ஒராள் கேட்டிருக்கிறார். கொழும்பில வேலை, அங்க கூட வேலை செய்யிற ஆக்களோட சேர்ந்து கோல்ஃப் பழகத் தொடங்கி ஒரு வருசமாம். லீவில ஊருக்கு வந்தா தரவையில ஆள் மாடு இல்லாத நேரம் பாத்து ஏழாம் நம்பர் அயனாலயும் (இரும்புத் தலைத் தடி) ட்ரைவராலயும் (கன தூரம் அடிக்கிற நீளத் தடி) அடிச்சுப் பழகிறார். "அண்ணை, பந்து நேரத்தான் வெளிக்கிடுது, பாதி தூரத்தில வலப்பக்கம் வளைஞ்சு போயிடுது. சோளகக் காத்துக்கு எதிரா அடிச்சா மேல மேல எழும்பி அங்கயே செத்து விழுது. இடப்பக்கம் குறி வச்சு அடிச்சுப் பாத்தன், இன்னும் கூட வளையுது. மார்கழியில நுவரெலியாவில விளையாடப் போறம், அதுக்கிடையில திருத்தேலுமோ?" எண்டு கேக்கிறார்.

திருத்தலாம் தம்பி. ஆனா அந்த இடப்பக்கம் குறி வைக்கிற வேலையை இண்டையோட விடுங்கோ. நான் வெளிநாட்டில இருந்த காலத்தில எனக்கும் ஒராள் இதைத்தான் சொல்லித் தந்தவர், ஒரு முழு சம்மர் நான் இடப்பக்கம் பாத்து நிண்டு அடிச்சன், சிலவேளை பந்து நடுவுக்கு வந்து விழேக்க சரி பிடிபட்டிட்டுது எண்டு நம்பினன், ஆனா வளைவு மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போச்சு. காரணம் பேந்துதான் விளங்கினது. பந்து வலப்பக்கம் போகுமெண்டு பயந்து இடப்பக்கம் திரும்பி நிண்டா கிளப்பும், அதாவது அடிக்கிற தடியும், வெளியால இருந்து உள்ளுக்கு, இடப்பக்கமாத்தான் வெட்டிக்கொண்டு வரும். அப்பிடி வெட்டுறதுதான் வளைவையே உண்டாக்கிறது.

இதை வடிவா விளங்கிக்கொள்ளுங்கோ, மற்றதெல்லாம் இதிலதான் தொங்குது. கிளப் பந்தில முட்டிக்கொண்டு நிக்கிறது ஒரு செக்கனில ரெண்டாயிரத்தில ஒரு பங்கு நேரம்தான். அந்த நேரத்தில கிளப்பிட முகம், அதாவது பந்தில முட்டுற தட்டைப்பக்கம், எங்க பாக்குதோ பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் பந்து வெளிக்கிடும், ட்ரைவரில கிட்டத்தட்ட 85 சதவீதம், அயனில 75 சதவீதம் முகத்தின்ர வேலை. கிளப் ஓடுற பாதைக்கும் முகம் பாக்கிற திசைக்கும் இடையில எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவுக்கு வளைவு. முந்தி இதை மறுவளமாத்தான் படிப்பிச்சவை, பாதைதான் பந்தை வெளிக்கிட வைக்குது, முகம் கடைசியா வளைக்குது எண்டு, பந்து பறக்கிறதை அளக்கிற ரேடார் மெசின்கள் வந்தாப்பிறகுதான் அது பிழையெண்டு எல்லாரும் ஏற்றுக்கொண்டவை. பழைய புத்தகங்களில இப்பவும் அப்பிடித்தான் கிடக்கு, கவனம்.

இப்ப உங்கட பந்தைப் பாருங்கோ. நேர வெளிக்கிட்டு வலப்பக்கம் வளையுது எண்டா முகம் இலக்கைப் பாத்துத்தான் வருது, பாதை இடப்பக்கம் போகுது. பாதையோட ஒப்பிட்டா முகம் திறந்து கிடக்கு, அதாவது வலப்பக்கம் பாக்குது. அப்ப பாதையைத் தானே திருத்தோணும் எண்டு நீங்கள் கேப்பியள், கனபேர் அதைத்தான் சொல்லுவினம். நான் அப்பிடிச் சொல்லமாட்டன். முதல்ல முகத்தை மூட, அதாவது இடப்பக்கம் திருப்பப் பழகுங்கோ. முகம் மூடினா, பாதை இன்னும் இடப்பக்கம் போறதால பந்து நேர்கோட்டில இடப்பக்கம் போகும். பயப்பிடாதேங்கோ, அதுதான் முன்னேற்றம். இருபது முப்பது பந்து இடப்பக்கம் போறதைக் கண்ணால கண்டாப்பிறகு உங்கட உடம்பு தானா வலப்பக்கமா அடிக்கப் பாக்கும், பாதை தன்ர பாட்டில திருந்தும். வலப்பக்கம் வளையுற பந்தைப் பாத்துக்கொண்டு எந்த மனுசனாலும் வலப்பக்கமா அடிக்கேலாது, உடம்பு விடாது.

முகம் ஏன் திறந்து வருது? நீங்கள் பள்ளிக்கூடத்தில கிரிக்கெட் விளையாடின ஆள் எண்டும் எழுதியிருக்கிறியள், அதிலதான் பாதி விடை இருக்கு. ஸ்ட்ரெயிட் ட்ரைவில, அதாவது பந்தை நேர முன்னுக்கு அடிக்கேக்க, முன்னுக்கிருக்கிற கையின்ர முழங்கையை உயர்த்தி, மட்டையின்ர முகத்தை பந்து போற பக்கமே கனநேரம் காட்டிக்கொண்டு போகத்தான் எங்களுக்குப் பழக்கினவை. கோல்ஃபில அப்பிடிச் செய்தா முகம் திறந்தே நிக்கும். இங்க முன்கை ரெண்டும் உருளோணும், பந்தில பட்டாப்பிறகு வலக்கை இடக்கைக்கு மேலால வரோணும்.

அதுக்கு முதல் வேலை பிடி. இடக்கையால பிடிச்சிட்டு குனிஞ்சு பாருங்கோ, உங்கட கையில அநேகமா ஒரு விரல் மொளிதான் தெரியும். கையை வலப்பக்கமாத் திருப்பி ரெண்டரை மொளி தெரியிற மாதிரி வையுங்கோ, தடி உள்ளங்கைக்குள்ள இல்லாம விரலடியில கிடக்கோணும். ரெண்டு கையிலயும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில வாற மடிப்பு வலத்தோளைக் காட்டோணும். முதல் ரெண்டு கிழமை அந்தரமாத்தான் இருக்கும், கை பழையபடி திரும்பப் பாக்கும், விடாதேங்கோ. இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். மணல் ஒழுங்கைக்குள்ள சைக்கிள் ஓடேக்க ஹான்டிலை இறுக்கிப் பிடிச்சா முன்சில்லு இழுத்து விழுத்திப்போடும், லேசா விட்டாத்தான் சில்லு வழி எடுக்கும். கிளப்பும் அப்பிடித்தான், மணிக்கட்டு இறுகினா முகம் மூடாது.

பேந்து அரை வீச்சுப் பயிற்சி. எட்டாம் நம்பர் அயனை இடுப்புயரம் வரை மட்டும் பின்னுக்குக் கொண்டுபோங்கோ, அங்க கிளப்பிட மூக்கு (தலையின்ர நுனி) வானத்தைப் பாக்கோணும், அடிச்சு முடிச்சு மற்றப்பக்கம் இடுப்புயரத்துக்கு வரேக்கயும் மூக்கு வானத்தைப் பாக்கோணும். அங்க முகம் வானத்தைப் பாத்தா நீங்கள் இன்னும் கிரிக்கெட் அடிக்கிறியள். நாளுக்கு அம்பது பந்து இப்பிடி, முழு வீச்சு வேண்டாம். எங்கட தரை கோடையில சிமெந்து மாதிரி, ஒரு பழைய தும்புக் கால்மிதியைப் போட்டு அதில வச்சு அடியுங்கோ, இல்லாட்டி மணிக்கட்டுப் போயிடும். கால்மிதியில கிளப் வழுக்கிக்கொண்டு போறதால பந்துக்கு முன்னமே நிலத்தில பட்டாலும் நல்ல அடி மாதிரித்தான் தெரியும், காதால கேளுங்கோ, ரெண்டு சத்தம் கேட்டா பிழை.

ட்ரைவரை எடுக்க முன்னம் ஒரு சின்னச் சோதனை. முகப்பவுடரைக் கொஞ்சம் கிளப் முகத்தில பூசிப்போட்டு அடியுங்கோ, பந்து பட்ட இடம் வட்டமாத் தெரியும். குதிப்பக்கம், அதாவது தடி பூட்டுற பக்கம் பட்டிருந்தா முகமும் பாதையும் சரியா இருந்தாலும் பந்து வலப்பக்கம் சுத்தும், மூக்குப்பக்கம் பட்டா இடப்பக்கம். ட்ரைவரிட முகம் வெளிப்பக்கம் கொஞ்சம் வளைஞ்சு கட்டினது, அதோட அதின்ர பாரம் முகத்துக்குக் கன தூரம் பின்னால கிடக்கு, நடுவில படாட்டி தலை திரும்பி பந்தில பல்லுச்சில்லு மாதிரிச் சுத்து ஏத்திவிடும். குதியில பட்ட அடையாளம் திரும்பத் திரும்ப வந்தா பிடியை மாத்தாதேங்கோ, பந்துக்கு ரெண்டு விரலளவு தள்ளி நில்லுங்கோ, பேந்து பாப்பம்.

இனிக் காத்து. இது யாழ்ப்பாணத்து ஆளுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை, தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏத்தினவைக்கு கையே சொல்லும். வாடைக்குள்ள பட்டத்தை இழுத்தா அது உங்களிட்ட வராது, மேலதான் ஏறும். பந்தும் அதுதான். ஒவ்வொரு அடியிலயும் பந்து பின்பக்கமாச் சுத்திக்கொண்டுதான் போகுது, நல்லா அடிக்கிற ஆக்களிட ட்ரைவரில நிமிசத்துக்கு 2600 சுத்து, ஏழாம் நம்பர் அயனில 7000 மட்டில. அந்தச் சுத்துத்தான் பந்தைத் தூக்குது. எதிர்க்காத்துக்குள்ள பலமா அடிச்சா சுத்தும் கூடும், காத்துப் படுற வேகமும் கூடும், ரெண்டும் சேர்ந்து பட்டம் மாதிரி மேல கொண்டுபோய் விட்டிடும். வளைவும் அதாலதான் எதிர்க்காத்தில பெருசாத் தெரியிறது. பின்காத்தில நேர போற பந்தைப் பாத்துத் திருந்திட்டன் எண்டு நினைக்காதேங்கோ, சோளகத்துக்கு எதிரா அடிச்சுப் பாத்தாத்தான் உண்மை தெரியும்.

தாழ அடிக்கிறதுக்கு பலம் குறைக்கோணும், தடி கூட்டோணும், அதாவது நம்பர் குறைஞ்ச நீளத் தடி எடுக்கோணும். எட்டாம் நம்பர் எடுக்கிற இடத்தில ஆறாம் நம்பரை எடுங்கோ, ஒரு அங்குலம் இறக்கிப் பிடியுங்கோ, பந்தை ஒரு பந்தளவு வலக்கால் பக்கம் வையுங்கோ, பாரம் இடக்காலில கொஞ்சம் கூட இருக்கட்டும். முக்கால் வீச்சுத்தான், முடிக்கேக்க கை நெஞ்சுயரத்தில நிக்கோணும். பந்தைக் கீழ அமத்தப் பாக்காதேங்கோ, செங்குத்தா வெட்டினா பந்தின்ர சுத்துத்தான் கூடும். நெஞ்சைத் திருப்பிக்கொண்டு மெதுவா அடியுங்கோ, கை வேகம் காட்ட ஆசைப்படும், விடவேண்டாம்.

நுவரெலியா மைதானம் 1889இல தொடங்கினது, கடல் மட்டத்தில இருந்து 1800 மீற்றருக்கு மேல. காத்து அங்க மெல்லிசு, அதால உங்கட அயனில பந்து ஏழெட்டு யார் தூரம் கூடப் போகும், வளைவும் கொஞ்சம் குறையும். ஆனா ரெண்டு பக்கமும் மரம், இடம் ஒடுக்கம். அதால அங்க பொதுவா ட்ரைவர் வேண்டாம், அயனாலயே தொடங்குங்கோ.

அடுத்தமுறை வீடியோ அனுப்புங்கோ தம்பி. ஃபோனை உங்களுக்குப் பின்னால, பந்தும் இலக்கும் நேராத் தெரியிற இடத்தில, கையுயரத்துக்கு வையுங்கோ. அதோட பவுடர் அடையாளத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ, பாத்திட்டுச் சொல்லுறன் பாதையில கை வைக்கிறதோ இல்லையோ எண்டு.